எங்கன இருக்கீக?

அவர் எங்கே இருக்கிறார் என்பதை அவரிடம் மட்டும் கேட்கக் கூடாது. வேறு யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய சரியான பதில் கிடைத்துவிடும்.

சின்னமனூரில் ஒரு வாழைக்காய் கம்பெனியின் அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலம் அது. எல்லார் சட்டைப்பையிலும் செல்போன் குடியேறி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். கம்பெனிக்குப் பத்து லாரிகள்; அதில் ஒன்றின் டிரைவர்தான் அவர். கம்பம் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, குமுளி மலை ஏறி, கோட்டயம், எர்ணாகுளம் சந்தைகளில் இறக்கிவிட்டுத் திரும்பும். எந்த லாரி எந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பது என் பொறுப்பு. அதற்காகக் கம்பெனி எனக்குக் கொடுத்திருந்தது ஒரு போனும் ஒரு மர நாற்காலியும். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே கேள்விதான் கேட்பேன்.

"எங்கன இருக்கீக அண்ணே?"

"பாளையம் தாண்டிட்டேன் தாயி!"

பாளையம் என்றால் எங்கள் பக்கத்தில் உத்தமபாளையம். அதைத் தாண்டினால் அடுத்த ஊர் சின்னமனூர்தான். ஆனால் அவருடைய லாரி அந்நேரம் குமுளியில் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருக்கும். சில நாள் கோட்டயம் சந்தையை விட்டே கிளம்பியிருக்காது. குரலில் மட்டும் ஒரு தடுமாற்றம் இருக்காது. பக்கத்துத் தெருவில் திரும்புகிறவர் மாதிரியே பேசுவார்.

மற்ற ஒன்பது டிரைவர்களும் அரிச்சந்திரர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "கிளம்பிட்டேன்" என்றால் இனிமேல்தான் குளிக்கப் போகிறேன் என்று அர்த்தம், இது எங்கள் ஊர்ப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சில்லறைப் பொய்க்காரர்கள். இவர் மொத்த வியாபாரி.

ஒருநாள் காலை ஏழு மணிக்குத் தோட்டத்தில் தார் ஏற்ற வேண்டிய வண்டி. கூப்பிட்டேன்.

"தோட்டத்து வாசல்லதான் நிக்கிறேன் தாயி. கதவத் தொறக்கப் போறாக."

பின்னாலே தோசைக்கல்லில் மாவு விழுகிற சத்தம் 'சுர்' என்று கேட்டது. "இன்னொன்னு ஊத்தவா?" என்று அவர் மனைவியின் குரலும் கேட்டது.

"அண்ணே, மதினி குரல் கேக்குது."

"தோட்டக்காரவுக வீட்டுல தோசை சுடுறாக. அவுக குரலும் இவ கொரல் மாதிரியேதான் இருக்கும்."

கோபித்துக்கொள்ளவும் முடியாது. ஆள் நல்ல உயரம், நல்ல பருமன், அந்த உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத மெல்லிய குரல். யாரையும் கடிந்து ஒரு சொல் சொல்லிக் கேட்டதில்லை. இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில்தான் லாரி ஓட்டுவார். வாழைக்கறை பட்டால் போகாது, அதனால் கம்பெனி எல்லைக்குள் நுழைந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு நடமாடுவார்.

போனில் பேசுவதற்கென்று அவருக்கு ஒரு முறை இருந்தது. வண்டி ஓட்டிக்கொண்டே பேச மாட்டார். உட்கார்ந்துகொண்டும் பேச மாட்டார். போன் அடித்தால் லாரியை ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, கீழே இறங்கி, கைலியை இறக்கிவிட்டு, நின்றுதான் பேசுவார். கூப்பிடுகிறவர்களுக்கு மரியாதையாம். அதாவது எவ்வளவு வேகமாக வந்துகொண்டிருக்கிறேன் என்று சொல்வதற்காகவே வண்டியை நிறுத்துகிற மனுஷர். பேச்சு முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர் குடித்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, அப்புறம்தான் ஏறுவார். இது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. நான் பாட்டுக்குக் கால் மணிக்கொரு தரம் கூப்பிட்டு, "சீக்கிரம் வாங்கண்ணே" என்று விரட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் பொய்க்குப் பழகிப் பழகி, கம்பெனியே ஒரு கணக்குக்கு வந்திருந்தது. லோடுமேன்களின் மேஸ்திரி அதில் மன்னன். இவர் "பாளையம்" என்றால் மேஸ்திரி "மலையடிவாரம், லோயர் கேம்ப்" என்று முணுமுணுப்பார். அவர் "கேட்டுக்கு வந்துட்டேன்" என்றால் ஆட்களை டீக்கு அனுப்பிவிடுவார். "அஞ்சு நிமிஷம்" என்றால் சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கமும் போடலாம். இந்தக் கழிவுக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. கம்பெனி சுகமாக ஓடியது.

ஒருமுறை கம்பம் பஸ் ஸ்டாண்டில் இவர் நின்றிருந்தபோது மனைவி போனில் கூப்பிட்டிருக்கிறார். "கோட்டயத்துல லோடு எறக்கிக்கிட்டு இருக்கேன்" என்று இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முதுகில் ஒரு தட்டு விழுந்தது. மதினி பின்னாலேயே நிற்கிறார், கையில் காய்கறிப் பை. வேறொருவராக இருந்தால் பூமிக்குள் போயிருப்பார். இவர் போனை அணைத்து மடியில் சொருகிக்கொண்டு, "பாத்தியா, எம்புட்டு வேகமா வந்துட்டேன்!" என்று சொன்னாராம். மதினியே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும், "ஆனா ஒருநா இது எங்க தலையில விடியும் ஆத்தா" என்றும் சொன்னார்.

ஏன் இப்படி என்று ஒருநாள் நேரடியாகவே கேட்டுவிட்டேன். அவருக்கு ஆச்சரியம். இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போலப் பார்த்தார்.

"காத்துக்கிட்டு இருக்கவுக பாவமில்லையா தாயி? குமுளியில இருக்கேன்னு சொன்னா அவுகளுக்கு வயித்துல புளியக் கரைக்கும். பாளையம்னு சொன்னா ஒரு டீயக் குடிச்சிட்டுத் தெம்பா இருப்பாக. நான் எங்கன இருந்தா என்ன, வரப்போற நேரத்துக்குத்தான வருவேன்? அதுவரைக்கும் அவுக மனசாவது குளுகுளுன்னு இருக்கட்டுமே."

சொல்லிவிட்டுச் சட்டையை ஆணியில் மாட்டப் போய்விட்டார்.

மதினி பயந்தது வீண் போகவில்லை. மகளுக்குத் தேவதானப்பட்டியில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, பெரியப்பாதான் எல்லாம். தென்னந்தோப்பு வைத்திருக்கிற கறார் மனுஷர். பேசி முடிக்க முதல் தடவை அவர்கள் வந்தபோது இவர், "பாளையத்துக்குப் பக்கத்துல வந்துட்டேன், அஞ்சு நிமிஷத்துல உங்க முன்னாடி நிப்பேன்" என்று போனில் சொல்லியிருக்கிறார். வந்தது அவர்கள் சாப்பிட்டு, தூங்கி, எழுந்து, ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு. இரண்டாம் தடவையும் அதே கதை. பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா தன் கையால் தட்டு மாற்ற வேண்டும், அன்றைக்கும் காக்க வைத்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம்.

அந்தப் பெண் என்னைவிட இரண்டு வயது இளையவள். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் என் மேஜைக்குப் பக்கத்தில் நின்று, "அக்கா, எனக்கு அந்த மாப்ளயப் பிடிச்சிருக்கு. எங்கப்பா வாயை நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர் மேல் முதல்முதலாகக் கோபம் வந்தது அன்றுதான்.

இந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு ஜி.பி.எஸ். வந்தது.

முதலாளிக்கு டீசல் செலவு கட்டுப்படியாகவில்லை. கோயம்புத்தூரிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்தார். டிரைவர்களையெல்லாம் லோடு ஏற்றும் கொட்டகையில் உட்காரவைத்து, தார்களுக்கு நடுவே நின்று விளக்கினார். வண்டியில் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்திவிட்டால் போதும். எங்கே போகிறது, என்ன வேகம், எங்கே எவ்வளவு நேரம் நின்றது, எல்லாம் அலுவலகக் கணினியில் வரைபடமாகத் தெரியும். ஓடினால் பச்சைப் புள்ளி, நின்றால் சிவப்புப் புள்ளி. சுற்று வழி போனால் தெரிந்துவிடும், சும்மா எஞ்சினை ஓடவிட்டால் தெரிந்துவிடும், திருடு போனாலும் கண்டுபிடித்துவிடலாம்.

டிரைவர்கள் முகத்தில் ஈயாடவில்லை. ஒருவர் அந்தப் பெட்டி மேல் ஜிகினாத் தாளைச் சுற்றினால் என்ன ஆகும் என்று பக்கத்து ஆளிடம் கிசுகிசுத்தார். எல்லாருடைய கண்ணும் இவர் மேல்தான். பொழைப்பே போச்சே மனுஷனுக்கு என்று மேஸ்திரி உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இவர் எழுந்து நின்றார். கைலியை இறக்கிவிட்டார்.

"சார், இது யாரு பாத்துச் சொல்றாக?"

"மேலே சாட்டிலைட் இருக்குங்க. ஒண்ணு இல்ல, நாலஞ்சு சேர்ந்து பார்த்துத்தான் இடத்தைக் கணக்குப் போடும்."

"நாலஞ்சு பேரா!" இவருக்குக் கண் விரிந்தது. "அம்புட்டுப் பேரு வேலை மெனக்கெட்டு நம்மளப் பாக்குறாகளா? மழை பேஞ்சாலும் பாப்பாகளா?"

"பார்க்கும்."

"ஏலே, கேட்டீகளா!" என்று மற்ற டிரைவர்களைப் பார்த்துக் குதித்தார். மாட்டிக்கொண்டவர் மாதிரியே இல்லை, பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தார்.

பெட்டி பொருத்திய அன்று அதற்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அதன் பிறகு நான் அவரைக் கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போனது. அவர் என்னைக் கூப்பிட ஆரம்பித்தார்.

"தாயி, நான் இப்ப எங்கன இருக்கேன்?"

"கூடலூர் பெட்ரோல் பங்குக்குப் பக்கத்துல."

"சரியாச் சொல்லிட்டாக! இரு, இரு." எஞ்சின் உறுமும். சற்று நேரம் கழித்து மறுபடி போன். "இப்ப?"

"பங்குக்கு எதுத்தாப்புல அண்ணே."

"ஆத்தாடி!"

குறி கேட்கிறவர் மாதிரி நாளைக்கு நாலு தடவை கேட்பார். ஒவ்வொரு தடவையும் அதே வாய்பிளப்பு. சாட்டிலைட்டை அவர் ஒருமையில் சொன்னதே இல்லை. "மேல இருக்கவுக" என்றுதான் சொல்வார். மேல இருக்கவுக பாத்துக்கிட்டாக, மேல இருக்கவுக சொல்லியிருப்பாகளே, இப்படி.

அவர்கள் சாட்சியும் சொன்னார்கள். கோட்டயத்து வியாபாரி ஒருவர் "வண்டி எத்தியில்லா", வந்து சேரவில்லை என்று போனில் சத்தம் போட்டார், தாமதத்தால் காய் பழுத்துப்போகும், பொறுப்பு எங்கள் டிரைவருடையது என்றார். நான் வரைபடத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து அவருடைய சந்தை வாசலிலேயே சிவப்புப் புள்ளியாக நின்றிருக்கிறது வண்டி. இறக்க ஆள் வரவில்லை. அதைச் சொன்னதும் வியாபாரி குரல் இறங்கிவிட்டது. டீசலும் குறைந்தது, எந்தத் தோட்டத்துக்கு எந்த வண்டி பக்கம் என்று பார்த்து அனுப்பவும் முடிந்தது. முதலாளி சிரித்த முகமாக இருந்தார். ஜி.பி.எஸ்.ஸால் இவ்வளவு நன்மை என்று கோயம்புத்தூர்க்காரர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவர் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் ஆள் பொய் சொல்வதை நிறுத்திவிட்டார்.

"மேல நாலஞ்சு பேரு பாத்துக்கிட்டு இருக்கையில, கீழ இருந்து பொய் சொன்னா அவுகளுக்கு மரியாதையா இருக்காது தாயி" என்றார். அவ்வளவுதான் காரணம்.

வந்தது வினை. முதல்முறை அவர் "கேட்டுக்கு வந்துட்டேன்" என்றபோது மேஸ்திரி வழக்கப்படி ஆட்களை டீக்கு அனுப்பிவிட்டார். அடுத்த நொடி வாசலில் ஹாரன். தார் ஏற்ற ஆளில்லை. மேஸ்திரி டீக்கடைக்கும் கேட்டுக்கும் நடுவில் வேட்டி அவிழ ஓடினார். "இப்பிடிச் சொல்லாமக் கொள்ளாம உண்மையச் சொன்னா நாங்க எப்படிய்யா பொழைக்கிறது?" என்று அவரைப் பிடித்துக் கத்தினார். இத்தனை வருஷம் அவர் சொன்னதில் பாதியைக் கழித்தே பழகிய மனசு, உண்மையைக் கேட்டாலும் தானாகக் கழித்துவிடுகிறது. அவர் "கம்பம்" என்றால் கம்பம்தான் என்று நம்ப ஒரு ஆள் இல்லை. திரையைப் பார்க்கிற நான் ஒருத்திதான் நம்பினேன்.

நிச்சயம் ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், அதற்குள் தட்டு மாற்ற வேண்டும். புதன்கிழமை லோடு கொண்டுபோய் மறுநாள் திரும்பிவிடலாம் என்றுதான் அவர் கோட்டயம் போனார். வியாழக்கிழமை கேரளாவில் ஹர்த்தால். சந்தை திறக்கவில்லை, சாலையில் வண்டி ஓடவில்லை. வெள்ளி விடியற்காலையில் இறக்கிவிட்டு அடித்துப் பிடித்துக் கிளம்பியிருக்கிறார். நான் காலையில் கொஞ்ச நேரம் வேலையைப் பார்த்துவிட்டு நிச்சயத்துக்குப் போவதாக இருந்தேன். புதுச் சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் பூவோடு, திரையில் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையில் சிக்னல் கிடையாது. புள்ளி குமுளியிலேயே உறைந்து நின்றது. எனக்கு நகத்தைக் கடிப்பதைத் தவிர வேறு வேலை ஓடவில்லை. திடீரென்று ஒரே தாவாகக் கூடலூருக்கு வந்து குதித்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து கைதட்டினேன். மேஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கம்பம் தாண்டியது. நல்ல வேகம். சரியாக வந்துவிடுவார் என்று மூச்சு விட்டபோது அனுமந்தன்பட்டியில் புள்ளி சிவப்பானது. பிறகு பச்சை. கொஞ்ச தூரத்தில் மறுபடி சிவப்பு. பச்சை. சிவப்பு. டயர் பஞ்சரா, எஞ்சின் கோளாறா, ஒன்றும் புரியவில்லை.

அப்போது மேஜையில் போன் அடித்தது. மதினி.

"ஆத்தா, மோசம் போயிட்டோம்! அவுக இன்னும் இருவது நிமிஷம் ஆகும்னு சொல்றாக!"

"சரியாத்தான மதினி இருக்கு? பாளையத்துக்கிட்ட வந்துட்டாரு. இருவது நிமிஷம் ஆகும்தான்."

"ஐயோ, அவுக வாயில இருவது நிமிஷம் எப்ப ஆத்தா வந்திருக்கு? அஞ்சு நிமிஷம்னாலே அரை நாள். இருவதுன்னா இன்னும் கேரளாவுலதான இருக்காக! மாப்ள வீட்டுக்காரவுக எந்திரிச்சிட்டாக. இங்க மாத்தி மாத்தி எல்லாரும் அவருக்குப் போன் போட்டுக்கிட்டே இருக்கோம்..."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. சித்தப்பா கூப்பிடுகிறார், சிவப்பு. மாமா கூப்பிடுகிறார், சிவப்பு. ஒவ்வொரு போனுக்கும் மனுஷர் ஓரங்கட்டி, எஞ்சினை அணைத்து, இறங்கி, கைலியை இறக்கிவிட்டு, நின்று, மரியாதையாக உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் வேறு குடித்திருப்பார், டயரை வேறு தட்டியிருப்பார்.

"மதினி! யாரும் போன் போடாதீக! நீங்க கூப்பிடுறவரைக்கும் அவரு வந்து சேர மாட்டாரு!"

கத்திவிட்டு ஓடினேன். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. புதுச் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடியதில் பாதிப் பூ தெருவிலேயே உதிர்ந்தது. பந்தலில் தாம்பூலத் தட்டுகள் அப்படியே இருக்க, பெரியப்பா செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பட்டுச் சேலையில் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழக்கூட இல்லை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது.

"பெரியப்பா, ஒரு நிமிஷம் கம்பெனிக்கு வாங்க. அவர் எங்கன வாராருன்னு கண்ணாலயே காட்டுறேன்."

"வேண்டாம்மா. மூணு தடவை கேட்டாச்சு."

"அவர் சொல்லக் கேட்டீக. இப்ப மெஷின் சொல்லுறதப் பாருங்க. இல்லேன்னா அப்படியே பஸ் ஏறிக்கிடுங்க."

வந்தார். அவர் வந்ததால் மாப்பிள்ளை வீடு முழுக்க வந்தது. அது வந்ததால் பெண் வீடு முழுக்க வந்தது, தட்டுகளோடு. என் சின்ன அறைக்குள் இத்தனை பட்டுச் சேலைகளை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பெரியப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கித் திரைக்கு முன்னால் குனிந்தார்.

"இந்தப் பச்சைதான் அவரா?"

"அவரேதான். இது பாளையம். இந்தா, இது நம்ம சின்னமனூர்."

புள்ளி ஒரு நகர்வு நகர்ந்தது. "வாராரு, வாராரு!" என்று கூட்டம் கூவியது. பெரியப்பாவின் வாய் லேசாகத் திறந்துகொண்டது. "அடேயப்பா, நெசமாவே வாராரே!" பாளையத்தை விட்டு வெளியே வந்தது. மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ குலவையே இட்டுவிட்டார்கள்.

பொட்டென்று கரண்ட் போனது. அந்தக் காலத்து மின்வெட்டு தெரியுமே. யு.பி.எஸ். பத்து தடவை கத்திவிட்டுச் செத்தது. திரை கறுத்துவிட்டது. கூட்டம் 'உஸ்' என்று அடங்கியது.

பெரியப்பா சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன். வயசுக்கும் மரியாதைக்கும் அது தப்புதான்.

"கூப்பிடாதீக பெரியப்பா! கூப்பிட்டா நின்னுருவாரு!" என்று சொல்லி, இறங்குவது முதல் டயரைத் தட்டுவது வரை எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். செத்துப்போன திரையைப் பார்த்தார். வெளியே தார்க் குவியலுக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்த பெண்ணைப் பார்த்தார். போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இருவது நிமிஷம்னுதான சொன்னாரு?"

"ஆமா."

"அப்ப வருவாரு. வண்டிய விட இங்கனதான வரணும், இனிமே வீட்டுக்குத் திரும்பிப் போக நேரமில்ல. இங்கனயே கொட்டகையில பாயை விரிங்க. சம்பந்தி வண்டிய விட்டு எறங்கி நேரா தட்டப் பிடிக்கட்டும்."

சம்பந்தி என்ற சொல்லைக் கேட்டதும் மதினி வாயில் முந்தானையை வைத்து அடைத்துக்கொண்டார். அப்புறம் நடந்ததெல்லாம் கலவரம். லோடுமேன்கள் தார்களை இருபுறமும் தள்ளி அடுக்கினார்கள். மேஸ்திரி கோணிச் சாக்குகளை உதறினார், அதன் மேல் ஜமுக்காளம் விரிந்தது. செவ்வாழைத் தார் இரண்டைத் தூக்கி நிறுத்தி அலங்காரம் செய்தார்கள். வீட்டுப் பந்தலைவிட இது அழகாகவே இருந்தது என்று நான் இன்றைக்கும் சொல்வேன். மாப்பிள்ளையும் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். எல்லாரும் கேட்டைப் பார்த்தோம். யாரும் போனைத் தொடவில்லை. கையில் போன் இருந்தும் அது அடிக்காமலிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட கூட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

பத்தரைக்குச் சில நிமிஷம் இருக்கும்போது லாரி கேட்டுக்குள் நுழைந்தது.

அவர் இறங்கினார். இஸ்திரிச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் பார்க்கச் சகிக்கவில்லை. கொட்டகையில் இத்தனை பேரையும், ஜமுக்காளத்தையும், மகளையும் பார்த்ததும் அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. லாரிப் படியைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பாளையத்துக்கு அப்புறம் யாருமே கூப்பிடலையே" என்றார். "அதான் எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டாக, இனிமே கூப்பிட ஆள் இல்லன்னு நெனச்சேன்."

பெரியப்பா தட்டைக் கையில் ஏந்தியபடியே எழுந்து வந்தார்.

"இருவது நிமிஷம்னு நீங்கதான சொன்னீக சம்பந்தி? சொன்னவுக வருவீக. அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?"

அவ்வளவு பெரிய உடம்பு அப்படியே லாரிப் படியில் உட்கார்ந்துவிட்டது. ஓவென்று அழுதார். வாழ்நாளில் அவர் சொன்ன நேரத்தை யாரும் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை, அதுதான் தாங்கவில்லை. எனக்கும் அழுகை வந்தது. மேஸ்திரி துண்டால் மூக்கைச் சிந்தினார்.

"எந்திரிங்க, ராகு காலம் வந்துரும்! அழுகைய அப்புறம் வச்சுக்கிடலாம்!" என்று மதினி போட்ட கூச்சலில் கொட்டகையே சிரித்துவிட்டது. அவரும் சிரித்தார், ஆனால் கண்ணீர் நிற்கவில்லை. அழுதுகொண்டேதான் தட்டை வாங்கினார்.